ஒட்டு ஈரலின் முதல் வாரம்

மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவோரைக் கேட்டுப் பாருங்கள். கட்டிய அன்றே ‘பிடித்துவிட்டது’ என்று எவரும் சொல்லமாட்டார். துளிர் வரட்டும் என்பார். துளிர் வராவிட்டாலும் அவருக்குப் பெரிய நட்டமில்லை. அடுத்த கன்றை எடுத்துக் கட்டுவார். ஒருவர் உறுப்பை மற்றொருவருக்கு வைக்கும் மருத்துவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: வைத்தது பிடித்ததா? சிறுநீரகமாயின் சில நாள் காத்திருக்கலாம். அது உறங்கிக் கிடந்தாலும் இரத்தத்தைத் தூய்மை செய்ய டயாலிசிஸ் எந்திரம் இருக்கிறது. கல்லீரலின் வேலை அனைத்தையும் ஈடுசெய்யும் எந்திரமோ இன்றளவும் அமையவில்லை. வைத்த ஈரல் அறவே வேலை செய்யாவிடின் நோயாளிக்கு மிஞ்சுவன சில நாட்களே. அந்தச் சில நாட்களுக்குள் இன்னொரு ஈரல் கிடைத்தாக வேண்டும்.

ஆகவே மருத்துவர் துளிருக்குக் காத்திருக்க இயலாதவராய், துளிர் வருமா என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டியவராகிறார். இம்முன்கணிப்பு எவ்வாறு நடைபெறுகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதை நம் மலரில் எழுதலாமென்று எண்ணினேன். நான் மருத்துவ மாணவன் அல்லன். தில்லியில் புள்ளியியல் முதுகலை பயில்பவன். ஆயினும் இப்பொருளில் மருத்துவம் பாதி, கணக்குப் பாதி. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெருக்கல் வகுத்தலுக்கு மேல் ஒன்றும் வராது.

வரலாற்றை இரண்டொரு வரியில் முடித்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் என்னும் அறுவை மருத்துவர் 1963-இல் முதன்முதலாக மனிதருக்கு ஈரல் மாற்றிப் பார்த்தார். மூன்று வயதுக் குழந்தை, பிழைக்கவில்லை. 1967-இல் அவர் கைப்பட்ட ஒரு குழந்தை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது. 1980-களில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து வந்து, புதிய உறுப்பை உடல் எதிர்த்துத் தள்ளுவதை அடக்கிய பிறகே இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் நிறைவேறிற்று. 1998-இல் இதே தில்லி மாநகரில் முதல் வெற்றி கிட்டியது. அன்று ஈரல் பெற்றது காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட, இரண்டு வயதும் நிரம்பாத ஒரு குழந்தை. தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் தந்தையார். அக்குழந்தை பின்னாளில் மருத்துவம் படித்து மருத்துவரானது நம்மவர் பலர் அறிந்த செய்தியே.

இனி, நல்ல ஈரல் ஏன் கெடுகிறது என்று பார்ப்போம். இறந்தவர் உடலிலிருந்து எடுத்த ஈரலைத் தனிக் கரைசலால் கழுவிப் பனிக்கட்டியில் வைக்கிறார்கள். குளிரில் உயிரணுக்களின் செலவு குறையும். ஆனால் முற்றும் நிற்காது. உயிர்வளி வரவில்லை, சிறு செலவோ நடந்துகொண்டேயிருக்கிறது. இந்நிலையில் உயிரணுவின் அடுப்பு என்று சொல்லத்தக்க மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்னும் பொருள் எரியாமல் குவிகிறது. நோயாளியின் உடலில் வைத்து இரத்தக் குழாய்களை இணைத்துத் திறந்தவுடன் உயிர்வளி பாய்கிறது. குவிந்ததெல்லாம் ஒரே மூச்சில் எரியத் தொடங்க, அடுப்பிலிருந்து தீப்பொறி சிதறுவதைப் போல, உயிர்வளியின் கொடிய வடிவங்கள் தோன்றி உயிரணுவையே சுடுகின்றன. இச்சக்சினேட்டின் பங்கை 2014-இல் ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் எலிகளைக் கொண்டு விளக்கிக் காட்டினர். பட்டினியைவிடப் பட்டினிக்குப் பின் கிடைக்கும் விருந்தே அதிகம் கெடுக்கிறது என்பது வியப்பான செய்தி அன்றோ? கொழுப்பு ஏறிய ஈரலும், வயது முதிர்ந்தவர் ஈரலும், நெடுநேரம் பனியிலிருந்த ஈரலும் இச்சூட்டைத் தாங்கும் வலிமை குறைந்தவை.

சுடப்பட்ட ஈரல் பெரும்பாலும் தேறிவிடும். சில வேளை முதல் வாரம் முழுதும் தள்ளாடும். இதனை ‘தொடக்கச் செயற்குறை’ என்று நாம் பெயரிட்டுக்கொள்ளலாம். மிகச் சில வேளை எழுந்திருக்கவே செய்யாது. தள்ளாடுவது எது, எழாதது எது என்று முதல் இரண்டு மூன்று நாட்களில் பிரித்தறிய வேண்டும். முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

பிரித்தறிய மருத்துவர் கையிலுள்ள அடையாளங்களைப் பார்ப்போம். ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஒரு கடிகாரம் உண்டு என்பதை மனத்திற்கொண்டால் எல்லாம் விளங்கும். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று இரண்டு நொதிகள் ஈரலின் உயிரணுக்களுக்குள் இருப்பவை. களஞ்சியத்தின் சுவர் இடிந்தால் நெல் தெருவில் கொட்டுவதுபோல, உயிரணு உடைந்தால் இவை இரத்தத்தில் கலக்கின்றன. ஒரே நாளில் தெரிந்துவிடும். ஆனால் எவ்வளவு இடிந்தது என்பதைத்தான் இவை சொல்லும். மிச்சம் எவ்வளவு உழைக்கிறது என்பதைச் சொல்லா. நொதியின் அளவு குறைந்துகொண்டு வருவதைக் கண்டு மகிழ்ந்துவிடவும் கூடாது. கொட்டுவதற்கு நெல்லே இல்லாமற் போயிருக்கலாம்!

உழைப்பை அளக்க வேண்டுமானால் ஈரல் செய்து அனுப்பும் பண்டத்தைப் பார்க்க வேண்டும். ஆல்புமின் என்னும் புரதம் ஈரலில் செய்யப்படுவது. ஆனால் ஏறத்தாழ இருபது நாளில் பாதிதான் தீரும். ஈரல் வேலை நிறுத்தம் செய்தாலும் முதல் வாரத்தில் இது காட்டிக்கொடுக்காது. இரத்தம் உறைவதற்கான ஏழாம் காரணியோ நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைவது. ஈரல் இன்று செய்யாவிட்டால் நாளை இருக்காது. ஆதலின் உறைவு நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். என்னும் எண் விரைவான சாட்சி. நலமுடையவர்க்கு அது 1-ஐ ஒட்டியிருக்கும். இச்சாட்சியையும் நாமே கெடுத்துவிடலாம்: இரத்தக் கசிவுக்கு அஞ்சி வெளியிலிருந்து பிளாஸ்மா ஏற்றினால் எண் அழகாகிவிடும், உழைத்தது ஈரலா, ஏற்றிய பிளாஸ்மாவா என்பது தெரியாது. லாக்டேட் என்னும் அமிலப்பொருளை ஈரல் சில மணி நேரத்தில் வாங்கி அகற்ற வேண்டும், அகற்றாவிடில் தீக்குறி. பித்த நிறமியான பிலிருபின் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது. அஃது உண்மையைச் சொல்லும். ஆனால் தாமதமாகச் சொல்லும். முற்காலத்தில் பித்தக் குழாயில் ஒரு ரப்பர் குழல் வைத்து, வெளியே வடியும் பித்தத்தின் நிறத்தைப் பார்ப்பார்களாம். பொன்னிறமாகக் கட்டியாக வந்தால் நல்லது. நீர்போல வந்தால் கவலை. இன்று அக்குழல் அரிதாகிவிட்டது.

இவற்றைக் கொண்டு வகுத்த அளவுகோல்களுள் மிகுதியாக எடுத்தாளப்படுவது அமெரிக்காவில் 2010-இல் வெளியான ஒன்று. மூன்று மருத்துவ நிலையங்களில் 300 பேரைக் கண்டு எழுதியது. ஏழாம் நாளில் பிலிருபின் டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருத்தல். ஏழாம் நாளில் ஐ.என்.ஆர். 1.6-ஓ அதற்கு மேலோ இருத்தல்; முதல் ஏழு நாட்களுள் மேற்சொன்ன நொதிகளில் ஒன்று 2000-ஐத் தாண்டுதல். இம்மூன்றில் ஒன்றிருந்தாலும் தொடக்கச் செயற்குறை என்றனர். நூற்றுக்கு 23.2 பேர் அவ்வகையில் அடங்கினர். ஆறு மாதத்துக்குள் அவர்களுள் நூற்றுக்கு 18.8 பேர் இறந்தனர்; மற்றவர்களுள் 1.8 பேர்.

பத்து மடங்கு வேறுபாடு! இதைப் படித்தவுடன் அளவுகோல் அற்புதமானது என்று தோன்றும். இங்கேதான் நம் பெருக்கல் கணக்கு. ஆயிரம் பேருக்கு ஈரல் வைத்ததாகக் கொள்வோம். 232 பேர் செயற்குறை என்று குறிக்கப்படுவர். அவர்களுள் ஏறத்தாழ 44 பேர் இறப்பர். எஞ்சிய 768 பேரில் 14 பேர் இறப்பர். மொத்தச் சாவு 58. அவற்றுள் 44-ஐ அளவுகோல் பிடித்துவிட்டது. நன்று. ஆனால் குறிக்கப்பட்ட 232 பேரில் 188 பேர் பிழைத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ‘இவருக்குச் செயற்குறை, உடனே வேறு ஈரல் வைப்போம்’ என்று கிளம்பினால், ஐந்து பேரில் நான்கு பேருக்குத் தேவையில்லாத இரண்டாவது அறுவை செய்தவராவோம். அந்த 188 ஈரல்களும் எங்கிருந்து வரும்? பட்டியலில் முதல் ஈரலுக்கே காத்திருக்கும் 188 பேரிடமிருந்து. இவ்வளவு கொடிய பெருக்கல் கணக்கை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் செய்ததில்லை.

ஆகவே இவ்வளவுகோலை ‘கவனித்துக்கொள்’ என்னும் எச்சரிக்கையாகக் கொள்ளலாமேயன்றி ‘மாற்று’ என்னும் ஆணையாகக் கொள்ளலாகாது. மாற்றுவதற்குரிய வாசல் இன்னும் குறுகியது. அமெரிக்க விதிப்படி, வைத்த ஏழு நாட்களுள் ஈரல் இயங்கவில்லை என்று சொல்லி ஒருவரை மிக அவசரப் பட்டியலில் ஏற்ற வேண்டுமானால், ஏ.எஸ்.டி. 3000-ஐ எட்டியிருக்க வேண்டும், அதனோடு ஐ.என்.ஆர். 2.5-ஐ எட்டியிருத்தல், இரத்தம் அமிலப்பட்டிருத்தல், லாக்டேட் 4-ஐ எட்டியிருத்தல் என்பவற்றுள் ஒன்றேனும் சேர வேண்டும். இடிந்த சுவருக்கு ஒரு சாட்சி, நின்றுபோன வேலைக்கு ஒரு சாட்சி என இரண்டும் கேட்கிறார்கள். இது அறிவுடைய ஏற்பாடு என்பது என் கருத்து. இதற்கு முன்பே, ஈரலுக்குச் செல்லும் தமனியில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா என்று டாப்ளர் கருவியால் பார்த்துவிடுவர். அடைப்பிருந்தால் குற்றம் ஈரலில் இல்லை, குழாயில்.

2010-ஆம் ஆண்டு அளவுகோலில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. ஒன்று, ஏழாம் நாளின் எண்ணைக் கேட்பது. மற்றொன்று, பிலிருபின் 9.9 என்றால் நலம், 10 என்றால் குறை என்று கத்தியால் வெட்டுவது. ஸ்பெயின் நாட்டு வலென்சியாவைச் சேர்ந்தவர்கள் 2015-இல் வெளியிட்ட கணிப்புமுறை இவ்விரண்டையும் திருத்துகிறது. முதல் மூன்று நாட்களின் ஏ.எல்.டி., ஐ.என்.ஆர்., பிலிருபின் ஆகியவற்றைக் கொண்டு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் ஏற ஏற ஆபத்து மிகும். 2018-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தார் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு இன்னொன்று செய்தனர். பத்து நாள் எண்கள் எப்படி ஏறி இறங்குகின்றன என்னும் போக்கையே கணக்கில் சேர்த்து, இரத்தத் தட்டணுக்களையும் கூட்டினர். முந்தியவற்றைவிட இது நுட்பமாகப் பிரிக்கிறது என்று காட்டியுள்ளனர். இருக்கலாம். பத்தாம் நாளில் வரும் கணிப்பு, தேர்வு முடிந்த பிறகு விடுதிக்கு வந்து சேரும் உத்தேச வினாத்தாளைப் போன்றது என்று ஒரு புள்ளியியல் மாணவன் நினைத்தால் தவறா? நீண்ட நாள் பார்த்தால் நிச்சயம் கூடும். செய்வதற்கு நேரம் குறையும். எந்தச் சூத்திரமும் இவ்விரண்டையும் ஒருங்கே கொடுத்ததில்லை.

அறுவைக்கு முன்பே கணிக்கும் முயற்சிகளும் உண்டு. நோயாளியின் பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியேட்டினின் மூன்றையும் கொண்டு நோயின் கடுமையை அளக்கும் ‘மெல்ட்’ என்னும் எண் அமெரிக்காவில் 2002 முதல் ஈரல் பங்கீட்டுக்குப் பயன்படலாயிற்று. 2009-இல் சிலர் இந்த எண்ணைக் கொடையாளரின் வயதால் பெருக்கிப் பார்த்தனர். பெருக்கல் 1600-ஐ எட்டினால் விளைவு மோசம் என்றனர். மெல்ட் 30 உள்ளவருக்கு 25 வயதினர் ஈரல் வைத்தால் 750. 60 வயதினர் ஈரல் வைத்தால் 1800. தளர்ந்த மாட்டை மேட்டு வண்டியில் பூட்டாதே என்று நம் ஊர் வண்டிக்காரர் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. கணக்கு எளியது, அதனாலேயே எனக்குப் பிடித்தது. ஆயினும் கொழுப்பையோ பனியிலிருந்த நேரத்தையோ அஃது அறியாது.

அண்மைக் காலத்தில் கேள்வியே இடம் மாறியிருக்கிறது. வைத்தபின் பார்ப்பதற்குப் பதிலாக, வைப்பதற்கு முன்பே ஈரலை ஓர் எந்திரத்தில் இணைத்து உடல் வெப்பத்தில் இரத்தத்தைச் செலுத்தி, வேலை வாங்கிப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்து 2020-இல் வெளியிட்ட சோதனையில், எல்லா மருத்துவ நிலையங்களும் வேண்டாமென்று தள்ளிய 31 ஈரல்களை எடுத்துக்கொண்டனர். நான்கு மணி நேரத்துக்குள் லாக்டேட்டை 2.5-க்குக் கீழே இறக்க வேண்டும், வேறு சில வேலைகளையும் காட்ட வேண்டும் என்று தேர்வு வைத்தனர். 22 ஈரல்கள் தேறின. அவற்றைப் பெற்ற 22 பேரும் மூன்று மாதம் கடந்து உயிரோடிருந்தனர். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தார் குளிர்ந்த கரைசலைச் செலுத்தும் எந்திரத்திலேயே விடை காண முயன்றனர். மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கட்டமைப்பு சிதையும்போது பிளேவின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் கழன்று கரைசலில் கலக்கும். ஒளி பாய்ச்சினால் அது மிளிரும். அந்த ஒளியின் அளவே கேட்டின் அளவு. முன்னே நாம் கண்ட அடுப்பின் புகையை நேராகவே பார்க்கும் வழி இது.

மேற்சொன்னவையெல்லாம் பெரும்பாலும் இறந்தோர் ஈரலைக் கொண்டு எழுந்த அளவுகோல்கள். இந்தியாவிலோ ஈரல் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஈரல் கொடுப்பவர் உயிரோடிருக்கும் உறவினர்: மனைவி, தாய், மகன், மகள். தமிழ்நாட்டில் இறந்தோர் கொடை 2008 முதல் சீராக வளர்ந்தது. வடநாட்டில் இன்னும் உயிருள்ளோர் கொடையையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். அத்தகைய ஈரல் நல்ல உடலிலிருந்து பக்கத்து அறையில் எடுத்து வருவது; பனியிலிருக்கும் நேரம் சொற்பம். நொதிகள் 2000-ஐத் தொடுவது அரிது. ஆனால் அது முழு ஈரல் அன்று. பாதியோ பாதிக்குச் சற்று மிகுதியோ. குடலிலிருந்து வரும் இரத்தமெல்லாம் அச்சிறு ஈரலுக்குள் பாயும். பெரிய ஏரியின் மதகைத் திறந்து சிறு வாய்க்காலில் விட்டால் கரை என்னாகும்? அதுபோல ஈரல் வீங்கிப் பித்தம் தேங்கி, வயிற்றில் நீர் கோக்கும். ஆகவே வைக்கும் ஈரலின் எடை, பெறுபவர் எடையில் நூற்றுக்கு 0.8 பங்குக்குக் குறையலாகாது என்பது பழகிய விதி.

சென்ற ஆண்டு தில்லியில் வேலை பார்க்கும் நம்மவர் ஒருவருக்கு அவர் மனைவியார் ஈரல் கொடுத்தார். மனைவியும் படுக்கையில், துணைக்கு வந்த தாயார் மாயவரத்துப் பக்கத்தவர், இந்தி அறியாதவர். விடுதி நண்பர்கள் முறைவைத்து மொழிபெயர்க்கச் சென்றோம். “பிடிச்சிருச்சாப்பா?” என்பது நாள்தோறும் அவர் கேட்கும் கேள்வி. கணவரின் எடை 78 கிலோ, ஈரல் 620 கிராம். வகுத்துப் பார்த்தால் 0.79. ஏழாம் நாள் பிலிருபின் 12. அமெரிக்க அளவுகோல்படி அவர் செயற்குறைக்காரர். மருத்துவரிடம் கேட்டேன். ஐ.என்.ஆர். 1.4-க்கு இறங்கிவிட்டது, லாக்டேட் சரியாக இருக்கிறது, நோயாளி தெளிவாகப் பேசுகிறார். சிறிய ஈரல் வளர்ந்துகொண்டிருக்கிறது, மஞ்சள் மெல்ல இறங்கும் என்றார். “பிடிச்சுகிட்டு இருக்குதும்மா, இன்னும் முழுசா பிடிக்கல” என்று சொல்லிவைத்தேன். அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. நான்காம் வாரத்தில் எண் 2-க்கு வந்தது.

இவ்வகை ஈரலுக்கு முன்கணிப்பென்பது பெரும்பாலும் அறுவைக்கு முன்னும் அறுவை மேசையிலும் நடைபெறுவது. சி.டி. படத்தில் ஈரலின் பருமனை அளக்கிறார்கள். கொடுப்பவர் ஈரலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். வைத்தபின் குடல்வழிச் சிரையின் அழுத்தத்தை ஊசியிட்டு அளந்து, அது 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேலிருந்தால் மண்ணீரல் தமனியைக் கட்டியோ இரத்தத்தின் ஒரு பகுதியை வேறு வழியில் திருப்பியோ மதகைத் தாழ்த்துகிறார்கள். படுக்கையருகே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. இண்டோசயனின் பச்சை என்னும் சாயத்தை நரம்பில் ஏற்றினால், ஈரல் ஒன்றே அதை இரத்தத்திலிருந்து எடுத்துப் பித்தத்தில் தள்ளும். நலமுடையவரிடம் நிமிடத்துக்கு நூற்றுக்கு 18 பங்குக்கு மேல் மறையும். விரலில் ஒரு கவ்வி மாட்டினால் போதும். சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். ஆனால் ஈரலுக்கு வரும் இரத்த ஓட்டம் குறைந்தாலும் சாயம் மெதுவாகவே மறையும். பிலிருபின் மிகுந்திருந்தால் அதுவும் சாயத்தோடு போட்டியிடும். ஆதலின் மருத்துவர்கள் அந்த எண்ணையும் தனியே வைத்துப் படிப்பதில்லை. டாப்ளர் படத்தையும் அன்றைய ஐ.என்.ஆரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிக்கிறார்கள்.